அந்தோணியாருக்கு நேர்ந்த சேவல்

அம்புரோஸின் முகம் தெரியாதவர்கள்கூட ராயபுரத்தில் அவர் குரலை அறிவார்கள். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். மேலே கூண்டில் உட்கார்ந்துகொண்டு கீழே நிற்கிறவனோடு கத்திக் கத்தியே தொண்டை அப்படி அமைந்துவிட்டது. மனைவி ஃப்ளோராவிடம் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு அந்தத் தொண்டைக்குக் கிடைத்த வேலை, தெருமுனை அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் ஏலம் விடுவது.

பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றாலும், போன படகு திரும்பவில்லை என்றாலும், அந்தப் பக்கத்து ஜனங்கள் அந்தோணியாருக்கு ஒரு கோழியோ ஆட்டுக்குட்டியோ நேர்ந்துகொள்வார்கள். காரியம் நடந்ததும் செவ்வாய்க்கிழமை பூசைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேதக்காரர்கள் மட்டுமல்ல, குப்பத்து இந்து ஜனங்களும் வருவார்கள். அந்தோணியார் அதெல்லாம் பார்க்கிறவர் இல்லை. பூசை முடிந்ததும் வாசலில் ஏலம். பணம் கோயிலுக்கு, கோழி எடுத்தவன் வீட்டுக் குழம்புக்கு. கொடுத்தவனே ஏலம் கேட்டுத் திரும்ப எடுத்துப்போவதும் உண்டு. அதைத் தப்பு என்று சொன்னவர் ஊரில் ஒரே ஒருவர்தான், நம் அம்புரோஸ். போன வருஷம் பகலவன் என்கிற வலைக்காரர் தன் ஆட்டைத் தானே கேட்டு எடுத்தபோது, "சாமிக்குக் குட்த்துட்டு சாமி கைலேந்தே புடுங்கிகினு போற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. பகலவன் அதற்குப் பிறகு அந்தக் கோயில் பக்கமே வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயால் முதலில் கெட்டது அடுத்தவன் மனசு. இவருடைய முறை பிறகு வந்தது.

இந்த ஜனவரியில் அவருடைய அண்ணன் டெரிக் கோத்தகிரியில் காலமானார். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. அண்ணி ரேச்சல் மட்டும்தான். முப்பதாம் நாள் பூசைக்குப் போன அம்புரோஸ், அண்ணியைத் தனியாக விட மனசு வராமல், ராயபுரத்துக்கே வந்துவிடச் சொன்னார். குடியிருந்த வீடு கம்பெனி வீடு, எப்படியும் காலி செய்ய வேண்டியதுதான். ரேச்சல் இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார்.

வீட்டுக்குப் பின்னால் எட்டுக் கோழிகள் இருந்தன. ஒரு சேவல், ஏழு பெட்டை. பிரம்மா என்று சாதிப்பேர். சேவல் நின்றால் அம்புரோஸின் முழங்காலைத் தாண்டும். உடம்பெல்லாம் தலையணைப் பஞ்சாகச் சிறகு, காலில் விரல் நுனிவரைக்கும் இறகு. மலையில் உறைபனி விழுகிற காலையில் மற்ற கோழிகள் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும்போது இவை மட்டும் வெள்ளைப் புல்லில் இறங்கி ஜமீன்தார் மாதிரி நடக்கும். இவற்றை அடுத்த வீட்டு அம்மாளிடம் விட்டுவிடலாம், கீழே வெயில் தாங்காது என்று ரேச்சல் சொல்லிப் பார்த்தார். அம்புரோஸ் கேட்கவில்லை. "அண்ணன் ஆசையா வளத்த கோழி அண்ணி. யார் வூட்லயோ வுட்டுட்டுப் போனா எனக்கு சோறு எறங்காது" என்று சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார். ரேச்சல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு கோழிக்கூடை தேடப் போய்விட்டார்.

இப்படித்தான் எட்டும் லோடு வண்டியில் மலை இறங்கி ராயபுரத்து மொட்டை மாடிக்கு வந்தன. பக்கத்து மாடியில் புறா வளர்க்கும் தமீம், துறைமுகத்தில் இவரோடு வேலை பார்த்த தோஸ்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். "இன்னா மாமு, ஒன்னொன்னும் கம்பளி போத்திகினு வந்துகீது? மே மாசம் இன்னா பண்ணுவே?" என்று கேட்டார். அம்புரோஸ் கிழக்கே கையைக் காட்டினார். நம்ம ஊரில் எத்தனை வெயில் அடித்தாலும் பன்னிரண்டு மணிக்குக் கடல் காற்று எழும்பிவிடும், அறுபத்திரண்டு வருஷமாக ஒருநாளும் ஏமாற்றியதில்லை என்றார். அது பொய். கச்சான் அடிக்கிற நாளில், அதாவது மேற்கிலிருந்து நெருப்பாகத் தரைக்காற்று வீசுகிற நாளில், கடல் காற்று நேரத்துக்குக் கரையேறாது. கரையோரத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். அம்புரோஸுக்கும் தெரியும். ஆனால் பெருமை பேசும்போது யாருக்குக் கச்சான் ஞாபகம் வருகிறது?

ஏப்ரலிலேயே இரண்டு பெட்டை போய்விட்டன. ரேச்சல்தான் மிச்சத்தைக் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னால் தீனி வைப்பார், அப்புறம் பொழுது சாய்ந்துதான் வைப்பார். நடுவில் தின்றால் செரிக்கிற சூடே கோழியைக் கொன்றுவிடும் என்பார். கூட்டுக்கு மேல் தென்னங்கீற்று, சுற்றிலும் ஈரச்சாக்கு, மண்சட்டியில் சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்ட நீர்மோர். காசிமேட்டிலிருந்து அம்புரோஸ் ஐஸ் வாங்கிவந்து போட்டார். அண்ணிக்கு இவ்வளவு விஷயம் எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் தோன்றத்தான் செய்தது. அண்ணன் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று அவரே பதிலும் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கத்திரி தொடங்கி ஆறாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, கச்சான் அடித்தது. மணி பன்னிரண்டானது, ஒன்றானது, கடல் பக்கமிருந்து ஒரு மூச்சு வரவில்லை. கரண்டும் போய்விட்டது. பிறகு மேல்காற்றும் நின்றுபோய்ப் புழுக்கம் இறங்கியது. காற்று இல்லாத இடத்தில் ஈரச்சாக்கைக் கட்டினால் அது இட்லிப் பானைதான். ரேச்சல் ஓடிப்போய்ச் சாக்குகளைப் பிய்த்துப் போட்டார். கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு வாயைப் பிளந்து இரைத்தன. ஒரு பெட்டை அம்புரோஸின் கையிலேயே கழுத்தைத் தொங்கப்போட்டுச் செத்தது. கொண்டை கறுத்திருந்தது. அடுத்ததும் சாய்ந்தது. அவருக்கு அண்ணனை இரண்டாம் தடவை புதைப்பது போல இருந்தது. மொட்டை மாடியிலேயே மண்டி போட்டுவிட்டார். "அந்தோணியாரே, மிச்சம் இருக்கறது பொழைச்சா, இருக்கறதுலயே பெர்சா கீறத உனுக்குக் குடுக்குறேன்."

கால் மணி நேரத்தில் கடல் காற்று வந்தது. சாய்ந்த பெட்டை தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தது. சேவலும் நான்கு பெட்டைகளும் பிழைத்துக்கொண்டன. வந்த காற்று எப்படியும் வந்திருக்கும் என்று நாம் சொல்லலாம். அம்புரோஸிடம் சொல்ல முடியாது. அவர் ஃப்ளோராவிடம் சொன்னார், அவர் குரலில் சொன்னதால் தெருவே தெரிந்துகொண்டது.

இருக்கிறதிலேயே பெரியது சேவல். சேவல் என்று இருப்பதும் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் சேவலின் காலைக் கட்டிக்கொண்டிருந்தபோது ரேச்சல் மாடிக்கு வந்தார். அண்ணிக்கு விஷயம் ஏற்கனவே தெரியும், இந்த வீட்டில் எதுதான் தெரியாமல் இருக்கிறது. "ஒரு மாசம் பொறுத்துக் குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார்.

அம்புரோஸ் சிரித்தார். "அந்தோணியார்கிட்டயே தவணை சொல்றியா அண்ணி? சேவல் தானே, பல்லாவரம் சந்தையில இத மாதிரி வேற வாங்கிக்கலாம்."

ரேச்சல் சேவலின் கழுத்தை ஒருதரம் தடவிவிட்டுக் கீழே போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அம்புரோஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் அன்றைக்கு அவர் செய்ததில் அந்தச் சிரிப்பு சின்ன விஷயம்.

பூசை முடிந்து ஏலம் தொடங்கியது. இரண்டு நாட்டுக்கோழி, ஒரு ஆட்டுக்குட்டி, கடைசியாகச் சேவல். அம்புரோஸ் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்ததும் கூட்டம் வாய்பிளந்தது. இப்படி ஒரு சேவலை அங்கே யாரும் கண்டதில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் தம்பி நிச்சயதார்த்தத்துக்கு என்று சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். ஏற்றிக் கேட்ட இரண்டொருவர் விலகினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் ஒரு விலை சொன்னது. மெல்லிய குரல். அம்புரோஸ் நிமிர்ந்து பார்த்தார். வேப்பமரத்தடியில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரேச்சல் நின்றிருந்தார்.

அம்புரோஸுக்கு முதலில் வந்தது கோபம். நம் வீட்டுச் சேவலை நம் வீட்டு ஆளே திருப்பி எடுப்பதா? கூட்டத்தில் எத்தனை பேர் பகலவன் அவமானப்பட்டதைப் பார்த்துச் சிரித்தவர்கள்! இன்றைக்கு இவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அண்ணி இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க, விலையைக் கூட்டிச் சொன்னார். நன்றாகக் கேட்டது. கப்பல் சத்தத்துக்கும் லாரிச் சத்தத்துக்கும் நடுவில் முப்பத்தோரு வருஷம் கீழே இருக்கிறவன் சொல்வதைக் கேட்டுப் பழகிய காது அது. அம்புரோஸ் முகத்தைத் தண்டையார்பேட்டைக்காரர் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று மூச்சுவிடாமல் முடித்துச் சேவலைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ரேச்சல் அவருக்கு முன்னாலேயே வந்து கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலும் என்று அம்புரோஸ் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை ரேச்சல் அவரையும் ஃப்ளோராவையும் உட்காரவைத்து ஒரு உதவி கேட்டார். கோழி முட்டையிட்டால் யாரும் அதை எடுத்துச் சமைத்துவிடக் கூடாது, தன்னிடம் கொடுக்க வேண்டும். சேவல் போன பிறகும் பத்து நாளைக்கு, மிஞ்சினால் இரண்டு வாரத்துக்கு, பெட்டையின் முட்டையில் உயிர் இருக்கும். அதற்குள் கிடைப்பதை அடைவைத்தால் ஒரு சேவல் குஞ்சாவது பொரிக்கலாம். ஆனால் ஏப்ரலிலிருந்து ஒன்றும் முட்டை வைக்கவில்லை, இந்த வெயிலில் வைக்காது, அதனால்தான் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன் என்றார்.

சந்தைச் சேவலைச் சேர்த்தால் ஆகாதா என்று ஃப்ளோரா கேட்டாள். அப்போதுதான் ரேச்சல் எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் துரையம்மா ஊரைக் காலிசெய்து போகும்போது கொடுத்த மூன்று கோழிகளின் வம்சம் இது. ஒவ்வொரு வருஷமும் எந்தச் சேவலுக்கு எந்தப் பெட்டை, எந்த முட்டையை அடைவைப்பது என்று பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தது. அக்கம்பக்கத்தில் கொடுத்ததெல்லாம் நாட்டுக்கோழியோடு கலந்துபோயிற்று. சுத்தமாக மிஞ்சியது இந்த ஒரு சேவலும் அதன் பெட்டைகளும்தான். டெரிக்குக்குக் கோழியில் அக்கறையே கிடையாது. கூட்டின் நாற்றத்துக்குப் பயந்து பின்வாசல் கதவைச் சாத்திவைத்திருப்பாராம்.

அம்புரோஸ் கேட்டார்: "அப்ப ஏன் அண்ணி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க அண்ணன் கோழின்னு சொல்லி அழுதீங்க. அழுவுற மனுஷன்கிட்ட போய், அது என் கோழின்னு எப்படி சொல்றது தம்பி?"

அம்புரோஸ் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஆட்டோ பிடித்துத் தண்டையார்பேட்டைக்கு ஓடினார். நிச்சயதார்த்தம் முந்தின நாளே முடிந்திருந்தது. அந்த மனிதர் நல்லவர், உட்காரவைத்து மோர் கொடுத்தார். சேவல் பார்க்கத்தான் பெரிசு, கறி கொஞ்சம் நாராக இருந்தது என்று குறையும் சொன்னார். அம்புரோஸ் மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

அதற்கப்புறம் அவர் செய்ததைப் பார்த்தவர்கள் மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள். வீட்டில் இருந்த ஒரே ஏசி அவர்கள் படுக்கையறையில் இருந்தது. கட்டிலைத் தூக்கி நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டு, தரையில் வைக்கோல் பரப்பி, நான்கு பெட்டைகளையும் அங்கே குடிவைத்தார். ஃப்ளோரா கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, "கண்ணாலம் ஆயி முப்பத்தாறு வருஷம், எனுக்கு ஒரு நாளு இப்டி வைக்கோல் போட்டுகீறியா" என்று கேட்டாள். கரண்டு போனால் தமீம் ஐஸ் கட்டியோடு ஓடிவருவார். அடைப்படுத்த நாட்டுக்கோழி ஒன்றையும் அவரே எங்கிருந்தோ கொண்டுவந்து, மரத்தில் செய்த பொய்முட்டையை வைத்து உட்காரவைத்திருந்தார். கிளிஞ்சலை இடித்துத் தீனியில் கலந்தார்கள். அம்புரோஸ் காலையும் மாலையும் வைக்கோலைக் கையால் துழாவிப் பார்ப்பார். ஒரே ஒரு முட்டை. அவர் கேட்டது அவ்வளவுதான். அந்தோணியாரிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை. எதைக் கொடுப்பதாகச் சொல்லிக் கேட்பது?

சேவல் போன ஏழாம் நாள் ஒரு பெட்டை மூலையில் வைக்கோலைப் பறித்துக் குழி செய்தது. எட்டாம் நாள் அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை, மத்தியானம், அது கொக்கரித்தது. அம்புரோஸும் ரேச்சலும் ஒன்றாகக் கதவைத் திறந்தார்கள். குழியில் முட்டை இருந்தது. ரேச்சல் மண்டிபோட்டுக் குனிந்து எடுத்தார். எடுத்த விரல் உள்ளே அழுந்தியது. தோல்முட்டை. ஓடே இல்லை, ஈரமான மெல்லிய சவ்வுக்குள் மஞ்சள் தெரிந்தது. வெயிலில் இரைத்து இரைத்து ஓடு கட்டுகிற சத்தெல்லாம் கோழியின் உடம்பில் அற்றுப்போயிருந்தது. அடைவைக்க முடியாது, கோழியின் கனத்துக்கே உடைந்துபோகும். ரேச்சல் அதை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். புருஷன் செத்தபோது அழாத பெண்பிள்ளை என்று கோத்தகிரியில் உறவுக்காரர்கள் பேசியிருந்தார்கள். அன்றைக்கு அழுதார்.

அம்புரோஸ் கதவருகே நின்றார். ஏலத்து விஷயத்தை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் அன்றைக்கு எங்கே போனதோ.

ரேச்சல் சொன்ன இரண்டு வாரமும் தாண்டிப் போயிற்று. ஜூலையில் மாலை மழை பிடித்துக்கொண்டது. மாடி குளிர்ந்தது. நான்கு பெட்டைகளும் பழையபடி சிறகை உதறிக்கொண்டு நடந்தன, போட்டி போட்டுக்கொண்டு முட்டையிட்டன. தேன் நிறத்தில், கல் மாதிரி ஓடு கெட்டியான, உள்ளங்கை நிறைகிற முட்டைகள். எத்தனை அழகாக இருந்தாலும் ஒன்றிலும் உயிர் கிடையாது. தமீம் தன் அடைக்கோழியைத் திரும்ப எடுத்துப்போய்விட்டார். கோத்தகிரிக்குத் திரும்பக் கொண்டுவிடட்டுமா என்று அம்புரோஸ் ஒருநாள் கேட்டார். கிழட்டுக் கோழி நாலை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது, சாகிறவரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றார் ரேச்சல். கோழியைத்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஏலத்தை அம்புரோஸ் விட்டுவிட்டார். தொண்டை சரியில்லை என்று ஃபாதரிடம் சொன்னார். பகலவனின் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் எப்போதோ மறந்துவிட்டதாகச் சொல்லி டீ வாங்கிக்கொடுத்தார். அந்த மன்னிப்பு சுலபமாக இருந்தது. வீட்டுக்குள் கேட்க வேண்டியது இரண்டு மாதமாகத் தொண்டையில் நின்றது.

ஆகஸ்டில் ஒரு காலை, ஃப்ளோரா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ரேச்சல் இரண்டு முட்டைகளை அவித்து, உரித்து, மிளகுத்தூள் தூவி அவர் முன்னால் வைத்தார். அம்புரோஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் வாழ்நாளில் அவ்வளவு தணிந்து பேசியதில்லை, "அன்னைக்கு ஏலத்துல நீ கேட்டது எனுக்குக் கேட்டுது அண்ணி. ரெண்டு வாட்டியும் கேட்டுது" என்றார்.

ரேச்சல் அடுப்புப் பக்கம் திரும்பிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. நீங்க என்னைப் பார்த்துட்டுத்தானே அந்தப் பக்கம் திரும்புனீங்க" என்றார். "ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

அம்புரோஸ் ஒரு முட்டையை எடுத்துப் பிட்டார். சாப்பிட்டார்.